வாலாட்டி வந்துருச்சா

மத்தவ புருசன் எல்லாம் போன் போட்டா "சாப்பிட்டியா"ன்னு கேப்பான். எனக்கு வாச்சவிய "வாலாட்டி வந்துருச்சா"ன்னு கேப்பாவ. வாலாட்டின்னா யாரோ சொந்தக்காரின்னு நெனச்சிராதீங்க. குருவி. வயித்துல மஞ்சளப் பூசிக்கிட்டு, நின்ன எடத்துல நிக்காம வால மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே திரியும். புரட்டாசியில எங்கிருந்தோ வரும். பங்குனியில சொல்லாமக் கொள்ளாமப் போயிரும்.

எம் பேரு ஈஸ்வரி. எங்க வீட்டுக்காரர் வேல்பாண்டி பட்டாளத்துல இருக்காவ. காஷ்மீர் பக்கம், எந்த எடம்னு பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லப்படாதாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து திருவண்ணாமலைக்குப் போற வழியில, கண்மாய்க்கரைய ஒட்டி எங்க வீடு. தீபம் ஏத்துற திருவண்ணாமலை இல்ல, இது எங்க மலைப் பெருமாள் கோயிலு. வீட்டுக்குப் பின்னாடி கெணறு, துவைக்கிற கல்லு, ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம். அதுக்கு அங்குட்டு மேக்க மலை.

அவிய இருக்குற எடத்துல நெட்டு கெடையாது. வீடியோவுல மொகம் பாக்குற பாக்கியமெல்லாம் நமக்கில்ல. சாயந்தரம் ஆறரைக்கு வரிசையில நின்னு ஆளுக்குப் பத்து நிமிசம் பேசலாம். அந்தப் பத்து நிமிசத்துல எட்டு நிமிசம் இந்தக் குருவி விசாரணைதான். மலையில மேகம் எம்புட்டு எறங்கியிருக்கு, கண்மாய்க்கு கொக்கு வந்துச்சா, எறும்பு முட்டையத் தூக்கிட்டுப் போகுதா. கல்யாணமான புதுசுல எனக்குப் பொத்துக்கிட்டு வரும். "ஏங்க, நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், என்னையப் பத்தி ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"ன்னு ஒருநாள் கேட்டுப்புட்டேன். "நீ பாத்தத நீ சொன்னா, உன்னையப் பத்திச் சொன்ன மாதிரிதானட்டி"ன்னாவ. இதுக்கு மேல நான் என்னத்தச் சண்ட போட. வாய மூடிக்கிட்டுப் பாக்க ஆரம்பிச்சேன்.

பாத்தத மறந்துரக் கூடாதுல்லா. தெனமும் காலண்டர்ல கிழிக்கிற தாளுல பின்பக்கம் வெறுசாத்தான இருக்கும். அதுல ரெண்டு வரி எழுதி, அடுக்களையில தொங்குற கம்பியில குத்தி வச்சிருவேன். கரண்டு பில்லு குத்தி வைக்கிற மாதிரி. "மயிலு தோகைய உதுத்துட்டு மொட்டையாத் திரியுது, பாக்கச் சகிக்கல." "தட்டான் தாழப் பறக்குது, மழையக் காணும். தட்டானும் டிவியில மழ சொல்லுறவனும் ஒண்ணு." "பஞ்சுருட்டான் குருவி கரண்டு கம்பியில பதினோரு பேரு, ரேசன் கடை வரிச." இப்படி. ஆறரைக்கு போன் வந்தா அதப் பாத்து வாசிப்பேன். அவிய அந்தப் பக்கம் சிரிக்கிறது கேக்கும். நாள் போகப் போக எனக்கே அது இல்லாம இருக்க முடியல. மேகம் எறங்குனா கையில மாவோட வெளிய ஓடிவந்து பாக்குற ஆளா ஆயிட்டேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். எனக்கு ரெண்டு தடவ வயித்துல வந்து தங்காமப் போயிருச்சு. மொதல்ல மூணாம் மாசம், ரெண்டாவது அஞ்சாம் மாசம். அஞ்சாம் மாசம்னா அசைவு தெரிஞ்சுக்கிட்டு இருந்த நேரம். அதுக்கு மேல அதப் பத்தி நான் சொல்ல மாட்டேன். அன்னைக்கே அவியளுக்குச் சொன்னோம். லீவு கெடச்சுச்சு, ஆனா பனி விழுந்து ரோடு மூடிக்கிருச்சு. பதினோரு நாள் கழிச்சு வந்து சேந்தாவ. வந்து கெணத்து மேட்டுல உக்காந்தவிய ரெண்டு நாள் ஒரு வார்த்த பேசல. திரும்பி டூட்டிக்குப் போன ஒரே வாரத்துல, கவனம் தப்பி பாறையில வழுக்கி விழுந்து முழங்கால்ல பதினாலு தையல். அந்த எடத்துல கவனம் தப்புனா தையலோட போறது அதிர்ஷ்டம்னு அவியளே சொன்னாவ.

எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துல இல்லைன்னா போலீசுல இருப்பான். அதனால ஒரு பழக்கம் உண்டு. எல்லையில நிக்கிறவனுக்குக் கெட்ட சேதியப் போன்ல சொல்லக் கூடாது. லீவுல வந்து பஸ்ஸ விட்டு எறங்குன பொறவுதான் சொல்லணும். எங்க மாமனார் எறந்தப்போ அப்படித்தான் ஒன்றரை மாசம், "அப்பா தோட்டத்துக்குப் போயிருக்காரு, அப்பா தூங்குதாரு"ன்னே சமாளிச்சிருக்காவ. எங்க வீட்டுக்காரர் லீவுல வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, அப்பாவுக்குப் பிடிக்கும்னு அரைக்கிலோ பால்கோவா நிறுக்கச் சொல்லியிருக்காவ. தெரிஞ்ச கடைக்காரரு பொட்டலத்தக் கட்டிக்கிட்டே, "தம்பிக்கு அப்பா காரியத்துக்கு லீவு கெடைக்கலையாக்கும்"னு கேட்டுருக்காரு. அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. அதனால கல்யாணமான மறுநாளே என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாவ. "நல்லதோ கெட்டதோ, அன்னைக்கே சொல்லணும். என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது." நானும் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன்.

அந்தச் சத்தியத்தத்தான் இந்த வருசம் நான் மீறுனேன்.

வைகாசியில லீவுல வந்துட்டு ஆனியில போனாவ. ஆடியில எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிஞ்சுச்சு. மதினிகிட்ட மட்டும் சொன்னேன். மதினின்னா அவியளுக்கு மூத்த அக்கா மாரிக்கனி. பக்கத்துத் தெருதான். "ஏழு மாசம் தாண்டட்டும் மதினி, பொறவு சொல்லிக்கிடலாம். இன்னொரு தடவ அவிய அந்தக் கெணத்து மேட்டுல உக்காரக் கூடாது"ன்னேன். மதினி என்னைய ஒரு பார்வ பாத்தாவ. "அவன் கேட்டா என்னட்டி சொல்லுவ?" "குருவியத்தான கேப்பாவ, குருவியச் சொல்லிக்கிடுதேன்"னேன்.

புரட்டாசி பன்னெண்டாம் தேதி காலையில லேசா ரத்தம் பட்டுச்சு. மதினி கார் புடிச்சு ராஜபாளையத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. வயித்துப் பிள்ள எறங்காம இருக்கத் தையல் போட்டாவ. அசையப்படாது, எந்திரிக்கப்படாது. "வீட்டுல போய்ப் படுத்துக்கிடுதேன் டாக்டர்"னேன். அந்த டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டி என்னையப் பாத்துட்டு, "உங்களப் பாத்தா சும்மா படுத்துக் கெடக்குற ஆளாத் தெரியல. இங்கேயே இருங்க"ன்னுட்டாவ. ஆள எடை போடத் தெரிஞ்சவிய.

மாடியில என் கட்டிலுக்கு ஒரு சன்னல். சன்னலுக்கு வெளிய ஒரு தண்ணி டேங்கு, ஒரு முருங்கக் கெளை, அரைச் சாண் வானம். பறவைன்னு சொல்லணும்னா ஒரு காக்கா. எப்பப் பாத்தாலும் அதே காக்கா. அன்னைக்குச் சாயந்தரம் ஆறரைக்குப் போன் வந்துச்சு.

"வாலாட்டி வந்துருச்சா?"

"இன்னும் வரல"ன்னேன். அது பொய்யில்ல, மெய்யுமில்ல. நான் எங்க பாத்தேன். போன வச்சுட்டு மதினிகிட்டச் சொன்னேன், "மதினி, அடுக்களைக் கம்பியில போன வருசத்துத் தாளு இருக்கும், அப்படியே கம்பியோட எடுத்துட்டு வாங்க." மதினிக்கு வெளங்கிருச்சு. மறுநாள் இட்லி வாளியோட கம்பியையும் தூக்கிட்டு வந்தாவ. "பொய்யச் சொன்னாலும் தேதி போட்டுச் சொல்லுதியேட்டி"ன்னு முணுமுணுத்துக்கிட்டே தலகாணிக்கு அடியில வச்சாவ.

அதுலருந்து தெனமும் அந்தத் தேதித் தாளத் திருப்பி வச்சு வாசிச்சேன். குருவிக்கு என்ன, வருசா வருசம் அதே நேரத்துக்குத்தான வருது. புரட்டாசி பதினாலு, "வாலாட்டி வந்துட்டு. துவைக்கிற கல்லு மேல."ன்னு வாசிச்சேன்.

"நல்லாருக்கா?"ன்னு கேட்டாவ.

"குருவிக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"எளச்சிருக்கா?"

"ஏங்க, நான் அதத் தராசுலயா நிறுத்தேன்?"

சிரிச்சாவ. அந்தச் சிரிப்புல அம்புட்டு சந்தோசம். போன வச்ச பொறவு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். அழுதா வயிறு குலுங்கும்னு மதினி வஞ்சாவ, அதனால அழுகையையும் பாதியில நிறுத்துனேன்.

ஒரு மாசம் இப்படியே ஓடுச்சு. மழ புடிச்சுக்கிருச்சு. டேங்கு மேல தண்ணி கொட்டுறத மட்டும் என் கண்ணால பாத்துச் சொன்னேன், மிச்சமெல்லாம் போன வருசத்துது. நடுவுல ஒருநாள் மத்தியானம் வயித்துக்குள்ள மீனு திரும்புன மாதிரி ஒரு அசைவு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அன்னைக்கு ஆறரைக்கு, வாய் வரைக்கும் வந்துருச்சு. "ஏங்க"ன்னு ஆரம்பிச்சேன். "என்ன?"ன்னாவ. பதினாலு தையல் போட்ட முழங்காலு கண்ணுக்கு முன்னால வந்துச்சு. "பஞ்சுருட்டான் பதினோரு பேரு"ன்னு வாசிச்சேன்.

ஐப்பசி பதினொண்ணு. அன்னைக்குத் தாளத் திருப்புனா நாலு வரி எழுதியிருந்தேன், போன வருசம் நல்ல மனசோட இருந்திருப்பேன் போல. "இன்னைக்குப் பௌர்ணமி. சோளக்காட்டுக்கு மேல நிலா தாம்பாளம் கணக்கா எந்திரிச்சு வருது. கெணத்துக்குள்ளயும் ஒண்ணு கெடக்கு. வெளக்கே போடல, அந்த வெளிச்சத்துலதான் எழுதுதேன்." நல்லா நிறுத்தி வாசிச்சேன்.

"பௌர்ணமியா?"

"ஆமாங்க. பகல் மாதிரி இருக்கு."

"சரி. ஒடம்பப் பாத்துக்கோ"ன்னு வச்சுட்டாவ. மூணு நிமிசம்கூட ஆகல. எட்டு வருசத்துல என்கிட்ட ஒடம்பப் பாத்துக்கோன்னு அவிய சொன்னதே கெடையாது.

மதினி கீழ உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தாவ. தலைய நிமுத்தாம, "ஏட்டி, இன்னும் மூணு நாள்ல தீபாவளி. நானும் அம்பது தீபாவளி பாத்துட்டேன். ஒண்ணுலகூட நிலாவக் கண்டதில்ல"ன்னாவ.

அமாவாசைக்கு மூணு நாள் இருக்கையில பௌர்ணமி நிலாவக் காட்டியிருக்கேன். படுத்தே கெடந்து நாளு கெழமை, தேய்பிறை வளர்பிறை எல்லாம் மறந்து போச்சு. குருவி தேதி பாத்து வரும், நிலா தேதி பாத்து வராதுங்கிறது இந்த மரமண்டைக்குத் தோணல. அதுவும் யாருகிட்ட. ஆகாசத்தத் தவிர வேற ஒண்ணும் பாக்க இல்லாத எடத்துல நிக்கிற மனுசன்கிட்ட.

மறுநாள் ஆறரைக்கு போன் வரல. அதுக்கு மறுநாளும் வரல. பிரஷர் ஏறிருச்சுன்னு டாக்டரம்மா வந்து சத்தம் போட்டாவ. அவியளுக்குச் சொன்னா வெளங்குமா. கண்ண மூடுனா பாறையும் பனியும்தான் தெரிஞ்சுச்சு. எந்தக் கவனம் தப்பக் கூடாதுன்னு மறச்சேனோ, அதுக்கு நானே நிலாவப் புடிச்சு இழுத்துக் கொண்டாந்துட்டேன்னு நெனச்சு நெனச்சுக் கெடந்தேன். வயித்துல கைய வச்சுக்கிட்டு, "நீயாவது இரு"ன்னு அதுகிட்டச் சொன்னேன்.

தீபாவளியன்னைக்குக் காலையில பத்து மணிக்குப் போன் அடிச்சுச்சு. வெளிய ஒரே வேட்டுச் சத்தம்.

"எந்த ஆஸ்பத்திரி?"

எடுத்ததும் அதுதான் கேட்டாவ.

"உனக்கு என்ன செய்யுது ஈஸ்வரி? உள்ளதச் சொல்லு."

"ராஜபாளையம்"னேன். "அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சு. தையல் போட்டுருக்கு. நல்லாருக்கு, நேத்துக்கூட ஸ்கேன் பண்ணுனாவ, நல்லாருக்கு. சத்தியத்த மீறிட்டேன். என்னைய எம்புட்டு வேணும்னாலும் வைங்க."

வேட்டுச் சத்தம் ஓஞ்சு திரும்ப ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் ரொம்ப மெதுவாப் பேசுனாவ.

"ஒரு மாசமா உன் போன்ல தவளைச் சத்தமே இல்ல. ஐப்பசியில நம்ம வீட்டுத் தவளை கத்துனா நீ பேசுறதே எனக்குக் கேக்காது. அப்பவே எனக்குச் சந்தேகம். அன்னைக்கு நீ பௌர்ணமின்னதும் வெளிய வந்து பாத்தேன். நட்சத்திரம் மட்டும்தான் இருந்துச்சு. உனக்கு மட்டும் தனியா ஒரு நிலா வந்திருக்குமோன்னு செத்த நேரம் நின்னுகூடப் பாத்தேன்."

"பொறவு ஏன் ரெண்டு நாளாப் போன் போடல?"

"ரெண்டு நாளும் வரிசையில நின்னேன். என் முறை வந்ததும் வெலகிட்டேன். கேட்டா நீ என்ன சொல்லிருவியோன்னு இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல பால்கோவாப் பொட்டலத்தக் கையில வச்சுக்கிட்டு நின்ன மாதிரியே இருந்துச்சு. எனக்குக் கோவம் இருக்கு. ரொம்ப இருக்கு. ஆனா பத்து நிமிசத்துல அத எறக்கி வைக்க முடியாது. வந்து வச்சுக்கிடுதேன்."

"சரிங்க"ன்னேன்.

"வாலாட்டி வந்துச்சுன்னியே. அதுவும் பொய்யா?"

அந்தக் கேள்விக்கு முன்னால சத்தியமெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சு எனக்கு. "போன வருசத்துத் தாளு. இந்த வருசம் நான் பாக்கவே இல்லீங்க"ன்னேன்.

"அது நான் அனுப்புனதுட்டி"ன்னாவ.

எனக்குப் புரியல. அவியளே சொன்னாவ. அவிய காவல் நிக்கிற போஸ்ட்டுக்குக் கீழ ஒரு ஓடை இருக்காம். சித்திரையில பனி உருகுனதும் அங்க வாலாட்டி வந்து பாறை இடுக்குல கூடு கட்டுமாம். ஆவணிக் கடைசியில குளிரு தொடங்கவும் ஒவ்வொண்ணாத் தெக்க கெளம்பிருமாம். "கடைசியாப் போற குருவிகிட்ட, எங்க வீட்டுத் துவைக்கிற கல்லு மேல போய் உக்காருன்னு சொல்லி அனுப்புவேன். அதே குருவிதான் அங்க வருதுன்னு சொல்லல, அம்புட்டுப் புத்தி எனக்கும் இருக்கு. நெனச்சுக்கிட்டா என்ன? அது அங்க வந்து சேந்துருச்சுன்னு நீ சொல்லுற அன்னைக்கு, நானே வீட்டுக்கு வந்து சேந்த மாதிரி இருக்கும்."

"எட்டு வருசமா இதச் சொல்லலையே நீங்க."

"வெக்கமா இருந்துச்சு"ன்னாவ.

நான் எட்டு வருசமா அந்த மனுசன, பொண்டாட்டிய விட்டுட்டுக் குருவியக் கேக்குற ஆளுன்னு வஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். போன நெஞ்சுல வச்சு அழுத்திக்கிட்டேன். பொறவு, நிமிசம் போகுதேன்னு திரும்பக் காதுல வச்சேன்.

"இப்ப வரவா? கேட்டா லீவு குடுப்பாவ. ஆனா இப்ப வந்துட்டா மாசியில வர முடியாது. நீ சொல்லுறதுதான்."

வாங்கன்னு சொல்லத்தான் மனசு கெடந்து துடிச்சுச்சு. "மாசிக்கு வாங்க. பிள்ளையப் பாக்க வாங்க. அதுவரைக்கும் நல்லதோ கெட்டதோ, உள்ளத உள்ளபடி தெனமும் சொல்லுதேன்"னேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். பேசாமப் படு. நாளையில இருந்து நான் சொல்லுதேன்"னாவ.

சொன்ன மாதிரியே சொன்னாவ. ஆறரைக்கு மதினி ஸ்பீக்கர்ல போட்டு என் தலமாட்டுல வச்சிருவாவ. நரி ஒண்ணு சமையக்கட்டச் சுத்தி வந்துட்டுப் போன காலடி. மஞ்ச மூக்குக் காக்கா ரொட்டியத் திருடுனது. மேக்க மலைய விட ரெண்டு மடங்கு உசரத்துல மேகம் இவியளுக்குக் கீழ கெடக்குறது. ஒருநாள், "கார்த்திகை மீனு ஆறும் இங்க மலைக்கு மேல வந்துட்டு, உன் சன்னல்ல பாரு"ன்னாவ. எனக்குப் படுத்த வாக்குல தெரியல. மதினி டேங்குக்கு மேல தேடு தேடுன்னு தேடி, "இருக்குலே, அஞ்சுதான் தெரியுது"ன்னு தம்பிக்குச் சொன்னாவ. "ஆறாவது இங்க இருக்கு, விடு"ன்னாவ இவிய.

கார்த்திகைக் கடைசியில ஏழு மாசம் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்புனாவ. நடமாடக் கூடாது, நாற்காலியில உக்காரலாம். அடுக்களைக்குள்ள நொழஞ்சா, இந்த வருசத்துத் தாளு எல்லாம் இன்னொரு கம்பியில இருக்கு. நான் ஆஸ்பத்திரிக்குப் போன நாள்ல இருந்து ஒரு நாள் விடாம மதினி கிழிச்சு, வெறுந்தாளாவே குத்தி வச்சிருக்காவ. "எனக்கு உன்னைய மாதிரி எழுத வருமாட்டி, அதான் சும்மா வச்சேன்"னாவ. நான் அந்தக் கம்பியத் தடவிப் பாத்துட்டு வெளிய வந்தேன்.

பின்னாடி கெணத்துப் பக்கம் நாற்காலியப் போடச் சொன்னேன். சோளம் தோளு ஒசரத்துக்கு நின்னுச்சு. மத்தியானம் பூராவும் துவைக்கிற கல்லையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் வரல. வரலைன்னா வரலைன்னுதான் இன்னைக்குச் சொல்லணும்னு மனசக் கல்லாக்கிக்கிட்டேன். மதினி பெருமாளுக்கு நேந்துக்கிட்டத முடிச்சுட்டு வாரேன்னு கோயிலுக்குக் கெளம்பிட்டாவ.

அஞ்சு மணி சுமாருக்குச் சோளத்துக்குள்ள இருந்து ஒண்ணு தாழப் பறந்து வந்து கல்லு மேல உக்காந்துச்சு. மஞ்ச வயிறு. ரெண்டு எட்டு வச்சு வால ஆட்டுச்சு. கொஞ்சம் எளச்சுத்தான் இருந்துச்சு. நான் மூச்ச விடல. உள்ள இருந்து ஒரு ஒதை, விலா எலும்புலயே வந்து விழுந்துச்சு.

அன்னைக்கு அஞ்சரைக்கே போன் அடிச்சுச்சு. வரிசையில மொத ஆளாப் போயிருக்காவ. சுத்தித் தவளை எல்லாம் கத்த ஆரம்பிச்சிருந்துச்சு.

"வாலாட்டி வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க. கல்லு மேலதான் இருக்கு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"அக்காவும் பக்கத்துல இருக்காளா?"

"மதினி கோயிலுக்குப் போயிருக்காவ"ன்னேன்.

அந்தப் பக்கம் அவிய அழுதாவ. தவளைச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டாவ, நானும் கேக்காத மாதிரியே இருந்தேன். இன்னும் ஏழு நிமிசம் இருந்துச்சு. போனக் கல்லுப் பக்கமாத் திருப்பிக் கையில நீட்டிப் புடிச்சேன்.